புதுப்பிப்பு: வௌவால் இடம் மாறிவிட்டது

ஆறாம் வகுப்பில் வௌவாலைப் பறவை என்றே எழுதுகிறார்கள், என்ன செய்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். படங்களைக் கொடுத்து அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள் என்றீர்கள். செய்தேன்.

முதலில் பறப்பவை, நீந்துபவை என்றுதான் பிரித்தார்கள். அப்புறம் வௌவாலின் இறக்கையைப் பெரிதாக்கிக் காட்டினேன். மெல்லிய தோலுக்குள் நீண்ட விரல் எலும்புகள்! ஒரு சிறுமி தன் விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது கைதான்" என்றாள். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்றதும் வௌவால் பசுவின் பக்கம் போய்விட்டது. கூடவே திமிங்கிலமும். உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸே திமிங்கிலத்தை 1758-இல்தான் பாலூட்டிகளோடு சேர்த்தார் என்றேன். அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

தவளையும் பல்லியும்தான் இன்னும் ஒரே குவியலில் கிடக்கின்றன. சரி, அடுத்த வாரம் தலைப்பிரட்டை பார்க்கக் குளத்துக்குக் கூட்டிப் போகிறேன்.