உண்டியல் உடைப்பு: தடயம் பற்றிப் பேச ஒருவர் தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். சென்ற வாரம் எங்கள் மாரியம்மன் கோயில் உண்டியலை உடைத்துவிட்டார்கள். போலீசார் வருவதற்குள் நாங்களே தரையைக் கழுவிவிட்டோம். நெளிந்த பூட்டை ஆளாளுக்குக் கையிலெடுத்துப் பார்த்தோம். செம்மண்ணில் பதிந்திருந்த செருப்புத் தடமும் மிதிபட்டு அழிந்தது. மனம் ஆறவில்லை.

இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலுள்ளது மற்றதில் ஒட்டும் என்பது எட்மண்ட் லொக்கார் என்பவரின் கொள்கை. 1910-இல் பிரான்சின் லியோன் நகரில் தடயவியல் ஆய்வகம் அமைத்தவர் அவர். இரத்தக்கறைத் துணியைக்கூட உலர்த்திக் காகித உறையில்தான் வைக்க வேண்டுமாம்; பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

தடயவியல் துறையில் பணியாற்றியவர்கள் யாரேனும் ஒரு ஞாயிறு மாலை எங்கள் இளைஞர்களிடம் தமிழில் பேச வருவீர்களா? பயணச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.