ஈஸ்ட் இல்லாமல் கிறிஸ்துமஸ் பலகாரம்: வட்டயப்பத்துக்குப் பதில் என்ன?

குழித்துறை அம்மா:
வணக்கம். என் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து வந்து போகிறது. கொஞ்ச நாளைக்கு ஈஸ்ட் சேர்ந்த எதையும் கொடுக்காமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார் தோல் மருத்துவர். பிரெட், பன் நிறுத்தியாச்சு. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வருகிறது. எங்கள் வீட்டில் வட்டயப்பமும் (அரிசி மாவைப் புளிக்க வைத்துத் தட்டில் அவிப்பது) கேக்கும் இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. மாவு புளிக்க வைக்க மாமியார் கேரள எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கமிருந்து கள் வாங்கி வரச் சொல்வார். "கள்ளு மரத்துல இருந்து வருது, பாக்கெட் ஈஸ்ட்தான ஆகாது" என்கிறார். அது சரியா? வீட்டில் செய்த கேக் கொடுக்கலாமா? கருப்பட்டியும் பனையிலிருந்துதானே வருகிறது, அது ஆகுமா? பிள்ளைகள் எல்லாரும் தட்டோடு உட்காரும்போது இவளுக்கு மட்டும் ஒரு பிஸ்கட்டை நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

கொல்லங்கோடு:
பேக்கிங் பவுடர், சோடா உப்பு, ஈனோ எதிலும் ஈஸ்ட் இல்லை, தைரியமாகப் போடலாம். கடை கேக் மட்டும் வேண்டாம். பன் மாவு பிசைகிற மேசையிலேயேதான் பல இடங்களில் கேக்கும் போடுகிறார்கள். சூப் பவுடர், சிப்ஸ் பாக்கெட்டுகளில் 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

களியக்காவிளை பலகாரக்காரி:
மக்ளே, நான் ஆர்டருக்குப் பலகாரம் அவித்துக் கொடுப்பவள். பொறுமையாகப் படி.

முதலில் கள். வேண்டவே வேண்டாம். கள்ளைப் புளிக்க வைப்பதே ஈஸ்ட்தான், காற்றிலிருந்தும் பானையிலிருந்தும் தானாகச் சேர்கிறது. 1987 முதல் நம் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அதனால்தான் இங்கே பல வீடுகள் பாக்கெட்டுக்கு மாறின, எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னமும் கள்ளப்பம்தான். இரண்டிலும் மாவைப் பொங்க வைப்பது ஒன்றே. வெந்தால் ஈஸ்ட் செத்துவிடுமே என்றும் மாமியார் கேட்பார். சாகும், ஆனால் ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, செத்த ஈஸ்டிலும் அந்தப் புரதம் இருக்கும்.

கருப்பட்டி அப்படியில்லை. பதநீர் இறக்குகிறவர் பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவார், அது புளிப்பைத் தடுத்துவிடும். அந்தப் பதநீரை உடனே காய்ச்சினால் கருப்பட்டி. நல்ல இடத்தில் வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விட்டுச் சேர்.

இப்போது பலகாரத்துக்கு வருவோம். வட்டயப்பம்தான் வேண்டும் என்றால் அரிசி மாவு ஒரு கப், கெட்டித் தேங்காய்ப்பால் முக்கால் கப், சர்க்கரை அரை கப், ஏலக்காய். அதோடு இரண்டு கரண்டி ரவையரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிட்ட கப்பி. எல்லாம் கலந்து, இட்லிப் பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு ஒரு டீஸ்பூன் ஈனோ போட்டு, ஒரே சுற்றுச் சுற்றித் தட்டில் ஊற்று. நுரை அடங்குவதற்குள் மூடி போட்டுவிட வேண்டும். இருபது நிமிடம் போதும். கள் அப்பத்தின் கண்ணும் புளிப்பும் வராது, அதை முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடு. மெத்தென்று இருக்கும்.

ஆனால் என் மனசைச் சொல்கிறேன். இன்னொன்றைப் போலச் செய்த பலகாரத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதைவிட, தொடக்கத்திலிருந்தே ஈஸ்ட் தெரியாத நம்மூர்ப் பலகாரத்தை வீடு முழுக்கச் சாப்பிடட்டும். அப்போது அவள் தட்டும் மற்றவர்கள் தட்டும் ஒன்றாகிவிடும். திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் கோவில் பொங்கலுக்குத் தெரளியப்பம் அவிப்பார்கள், பார்த்திருப்பாய். வறுத்த பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, துருவிய தேங்காய், சீரகம், ஏலம். பழத்துக்கு நம் மட்டி வாழை. புவிசார் குறியீடு 2023-இல்தான் வந்தது, நம் ஊரில் கைக்குழந்தைக்கு அதை எப்போதிருந்தோ ஊட்டுகிறோம். பழத்தைக் கையால் பிசைந்து, தண்ணீர் சேர்க்காமல் அந்த ஈரத்திலேயே மாவைச் சேர்த்து உருட்டு. கையில் ஒட்டாமல், விரல் வைத்தால் தடம் நிற்கிற பதம். பிரிஞ்சி இலை இனத்து வயணா இலையைக் கூம்பாகச் சுருட்டி, மாவை அடைத்து, ஈர்க்கிலால் குத்தி அவித்து எடு. இருபத்தைந்து நிமிடம். திறக்கும்போது வருகிற இலை வாசத்துக்கு எந்த எசன்ஸும் ஈடில்லை.

ஒன்றை மறக்காதே: பிசைந்த மாவை ராத்திரி வைக்கக் கூடாது. பழமும் சர்க்கரையும் சேர்ந்த மாவு தானாகவே புளிக்கத் தொடங்கும். உண்ணியப்பத்துக்கும் இதேதான், சோடா உப்புப் போட்டு உடனே சுட்டுவிடு. இட்லி மாவைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியாதான் என்றாலும் ஈஸ்டும் கூடச் சேரும், ஆகவே அதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்.

கேக் போடு. வினிகர் கேட்கிற இடத்தில் எலுமிச்சைச் சாறு. ஒயினிலோ ரம்மிலோ ஊறிய திராட்சை வேண்டாம், உலர்பழமே வேண்டாம். முந்திரியும் கருக்கிய சர்க்கரைப் பாகும் போதும். வனிலாவுக்குப் பதில் நம் மலைக் கிராம்பும் சாதிக்காயும் பொடித்துச் சேர்.

பாறசாலை மருமகள்:
அக்கா சொன்னதோடு ஒன்று. எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனுக்குப் பெசஹா அப்பம் அவிப்போம். அரிசி மாவும் அரைத்த உளுந்தும் தேங்காயும் சேர்ந்தது, வழக்கப்படியே புளிக்க விடக் கூடாது. அரைத்த உடனே அவித்துவிடுவோம். கூட வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பால். என் மகன் அந்தப் பாலுக்காகவே இரண்டு துண்டு கூடக் கேட்பான். கிறிஸ்துமஸ் காலையில் அப்பத்துக்குப் பதில் இதை வைத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த மாவில் சேர்க்கிற பூண்டும் சின்ன உள்ளியும் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கள்ளைப் பற்றிய விஷயத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "அப்ப வயணா இலை நான் பறிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டார். பள்ளியில் கொண்டாட்டத்துக்குக் கொடுத்துவிட, ரெண்டு நாள் கெடாமல் இருக்கிற மாதிரி ஏதாவது உண்டா?

களியக்காவிளை பலகாரக்காரி:
முந்திரிக்கொத்து, மக்ளே. சிறுபயறை வாசம் வர வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய், எள், ஏலம் சேர்த்து, கருப்பட்டிப் பாகை முற்றவிட்டு ஊற்றி உருண்டை பிடி. மேல்மாவுக்குப் பச்சரிசி மாவும் மஞ்சளும் உப்பும் போதும். மைதா வேண்டாம், சோடாவும் வேண்டாம். மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்து எடு. பாகு முற்றியிருந்தால் இரண்டு வாரமும் தாங்கும். டப்பாவில் அடைக்கும் முன் நன்றாக ஆற விடு, சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வகுப்புக்கே சேர்த்துக் கொடுத்துவிடு.