முன்மாதிரி நன்றாக ஓடுகிறது, மோல்டு ஆர்டர் போடலாமா?

கேள்வி: மின்மினி
காற்றின் ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் காட்டும் சின்ன மேசைக் கருவி ஒன்று செய்திருக்கிறேன். ஈஎஸ்பி32 மாட்யூல் (வைஃபை உள்ள சின்னக் கணினிச் சில்லு), லித்தியம் பேட்டரி, 3டி பிரிண்ட் பெட்டி. நண்பர்கள் வீடுகளில் மாதக்கணக்கில் ஓடுகிறது, பெரிய புகார் எதுவும் இல்லை. அடுத்து 1000 பீஸ். பெட்டியைப் பிளாஸ்டிக்கில் வார்க்கும் மோல்டு (உலோக அச்சு) வெட்ட எப்படியும் வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் சர்க்யூட் போர்டில் மிச்சமிருக்கும் சில்லறை மாற்றங்களை முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

அச்சுப்பட்டறை:
வேண்டாம் நண்பரே. யூஎஸ்பி வாய் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மோல்டைத் திரும்பத் தொட வேண்டும். மோல்டில் உலோகத்தை வெட்டி எடுப்பது சுலபம், வெட்டிய இடத்தை நிரப்ப வெல்டிங்தான் வழி. பெட்டியில் ஓட்டை வரும் இடத்தில் மோல்டில் உலோகம் நிற்கும். அதனால் சந்தேகம் உள்ள ஓட்டைகளை முதலில் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள், பிறகு அந்த உலோகத்தைக் குறைத்தால் ஓட்டையும் சிறிதாகிவிடும். அப்புறம், 3டி பிரிண்ட் டிசைனை அப்படியே அனுப்பாதீர்கள்: செங்குத்துச் சுவர்களுக்கு 1 முதல் 2 டிகிரி சாய்வு வேண்டும் (மேலே சொரசொரப்பு கேட்டால் இன்னும் அதிகம்), சுவரின் தடிமன் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், திருகு இறங்கும் இடத்தைத் தடிமனாக விட்டால் வெளிப்பக்கம் குழி விழும். 1000 பீஸுக்கு அலுமினிய மோல்டே போதும்.

சால்டர்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் போர்டு முழுசாக முடியட்டும் என்று உட்கார்ந்தால் அது ஒருநாளும் முடியாது. கனெக்டர், பட்டன், திருகு, சென்சார் இருக்கும் இடங்களை மட்டும் இனி மாறாதபடி இப்போதே உறைய வையுங்கள், உள்ளே ரெசிஸ்டர் மாறினால் மோல்டுக்கு என்ன?

எனக்கு உறுத்துவது சென்சார்தான். வைஃபை ஓடும்போது மாட்யூல் சூடாகும், மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு சென்சாரைத் தொட்டால் வெப்பநிலை ஏறி ஈரப்பதம் குறைவாகக் காட்டும். பிரிண்ட் பெட்டியும் மோல்டு பெட்டியும் ஒரே மாதிரி சூட்டை விடாது, ஆகவே காற்றுத் துளைகளை மோல்டு பிளாஸ்டிக்கில் மறுபடி சோதியுங்கள். டெஸ்ட் ஜிக் (ஆலையில் ஒவ்வொரு போர்டையும் சோதிக்கும் கருவி) இருக்கிறதா? இல்லையென்றால் எல்இடி எரிந்தாலே ஆலைக்காரர் பெட்டியை மூடி அனுப்பிவிடுவார். போகோ பின்னில் (ஸ்பிரிங் வைத்த தொடுமுனை) போர்டை அழுத்தினால் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற வேண்டும், தூங்கும்போது எடுக்கும் கரண்ட், வைஃபை சிக்னல், சென்சார் அளவு எல்லாம் பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்ட வேண்டும். இதைச் செய்வதும் கிட்டத்தட்ட இன்னொரு கருவி செய்கிற வேலை.

அலைவரிசை:
மாட்யூலுக்குச் சான்றிதழ் இருந்தாலும் முழுக் கருவிக்கும் ரேடியோ அலைக் கதிர்வீச்சுச் சோதனை தனியாக உண்டு. ஆன்டெனா பக்கத்தில் பேட்டரியைத் தள்ளாதீர்கள், வைஃபை எட்டும் தூரம் குறையும். பேட்டரி விற்பவரிடம் யூஎன் 38.3 (லித்தியம் பேட்டரியை அனுப்புவதற்கான பாதுகாப்புச் சோதனை) சோதனைச் சுருக்கம் கேளுங்கள், அது இல்லாமல் சரக்கு விமானத்தில் ஏறாது.

மின்மினி:
ஜிக் பற்றி யோசிக்கவே இல்லை. பேட்டரி இப்போது ஆன்டெனாவுக்கு நேர் கீழேதான் இருக்கிறது, அப்படியென்றால் பெட்டியின் அளவே மாறும்.

அச்சுப்பட்டறை:
அப்போ மோல்டு ஆர்டரை நிறுத்துங்கள். புதுப் பெட்டியை ஒரு தரம் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு டிராயிங் அனுப்புங்கள், சாய்வுகளைப் பார்த்துச் சொல்கிறேன்.