100 வாட் ரிக், 5 வாட் தாங்கும் ஆம்ப்: பவர் குமிழை நம்பலாமா?

லாஸ்பேட்டை20:
வணக்கம் ஓஎம்களே (ஹாம் ரேடியோ அண்ணன்மாரே). ஹாம் ரேடியோவுக்கான ஜெனரல் கிரேடு உரிமம் இப்போதுதான் கைக்கு வந்தது. நண்பர் ஒருவரிடம் எம்ஆர்எஃப்300 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட எச்எஃப் (ஷார்ட்வேவ்) ஆம்ப், அதாவது பவரைப் பெருக்கும் பெட்டி, வாங்கியிருக்கிறேன். "ட்ரைவ் 5 வாட்டுக்கு மேல் வேண்டாம்" என்று மூடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறார்; ட்ரைவ் என்றால் ஆம்புக்குள் போகும் பவர். என் ரிக் (பேசவும் கேட்கவும் உள்ள ரேடியோ) 100 வாட். குமிழை 5-க்கு இறக்கி வைத்துப் பேசினால் போதாதா? மீட்டரும் 5 வாட்தான் காட்டுகிறது. நடுவில் அட்டெனுவேட்டர் (பவரைக் குறைக்கும் ரெசிஸ்டர் சுற்று) போடச் சொல்கிறார்கள். வந்த பவரைச் சும்மா சூடாக்கித் தொலைக்க மனசு வரவில்லை.

பழைய டவுன் ஓஎம், கடலூர்:
தம்பி, மனசு வராவிட்டாலும் போட்டுவிடுங்கள். உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதற்கு வேகம் பத்தாது. பல ரிக்குகள் பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தியதும் முதல் சில மில்லிசெகண்டு கிட்டத்தட்ட முழு பவரையும் கக்கிவிடும். ஏஎல்சி (ரிக்கின் தானியங்கி பவர் கட்டுப்பாடு) பிடித்து இழுத்த பிறகுதான் 5-க்கு இறங்கும். முள் எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வால்வு ஆம்ப் என்றால் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். உங்கள் ஆம்பில் உள்ள எல்டிமாஸ் வகை டிரான்சிஸ்டர் பொறுக்காது. எம்ஆர்எஃப்300-இன் கேட்டுக்கு (சிக்னல் நுழையும் முனைக்கு) 10 வோல்ட்தான் எல்லை. தாண்டினால் முன்னறிவிப்பு எதுவும் கிடையாது, போனது போனதுதான்.

நீங்களே பார்த்துவிடலாம். ரிக்கை டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் ரெசிஸ்டரில்) மாட்டி, 7 மெகாஹெர்ட்ஸில், 10எக்ஸ் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும்) ப்ரோபோடு ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். 50 ஓமில் 5 வாட் என்றால் மேல் உச்சிக்கும் கீழ் உச்சிக்கும் நடுவே சுமார் 45 வோல்ட், 100 வாட் என்றால் 200 வோல்ட். குமிழை 5-இல் வைத்து ஒரே ஒரு மோர்ஸ் புள்ளி தட்டுங்கள். அலையின் முன்னால் கொம்பு முளைத்திருந்தால் அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் எஸ்எஸ்பியில் (குரல் முறையில்) "ஹலோ" சொல்லியும் பாருங்கள், சில ரிக்குகள் அதில்தான் மாட்டும்.

என் கணக்கு இதுதான்: ரிக் முழு 100 வாட்டையும் தள்ளினாலும் ஆம்புக்கு 5 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு 13 டிபி (பவரை இருபதில் ஒன்றாக்கும்) பேட், அதாவது அட்டெனுவேட்டர், வேண்டும். பை (π) வடிவத்தில் இரண்டு பக்கமும் 79 ஓம், நடுவில் 106 ஓம். உங்கள் ஆம்ப் சுமார் 20 டிபி (நூறு மடங்கு) ஆதாயம் கொடுத்தால் 400 வாட்டுக்கு 4 வாட் ட்ரைவ் போதும், அதாவது ரிக்கை 80 வாட்டில் வைக்க வேண்டும். அப்போது ரிக் பக்கத்து ரெசிஸ்டர் மட்டும் 50 வாட் சூட்டைச் சாப்பிடும், நடுவில் உள்ளது 23, ஆம்ப் பக்கம் வெறும் 3. மூன்றையும் ஒரே சைஸில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். வயர்வவுண்ட் வேண்டவே வேண்டாம், அதில் இண்டக்டன்ஸ் இருக்கிறது. ஹீட்சிங்கில் திருகி வைக்கிற ஃபிளாஞ்ச் ரெசிஸ்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அரியாங்குப்பம் ஆர்எஃப்:
ஐயா சொன்னதோடு ஒன்று. பேடை வெளியே ரிக்குக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டினால் கேட்கும்போதும் 13 டிபி போய்விடும். ஆம்பை பைபாஸில் (பெருக்காமல் நேராக விடும் நிலையில்) போட்டாலும் உங்கள் 100 வாட் 5 வாட்டாகத்தான் ஆண்டெனாவுக்குப் போகும். ஆம்புக்கு உள்ளே, டிஆர் ரிலேயை (அனுப்புவதற்கும் கேட்பதற்கும் மாற்றும் சுவிட்சை) தாண்டி, டிரான்சிஸ்டர் பக்கம் வையுங்கள்.

தேவனாம்பட்டினம்:
நான் கொஞ்சம் வேறு கட்சி. 100-லிருந்து 400-க்குப் போனால் 6 டிபி, எதிர்முனை சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் யூனிட் (ஒரு படி), அவ்வளவுதான். இங்கே கடற்காற்றில் பிஎல்-259 கனெக்டர் பச்சை பிடித்து ஆண்டெனா பக்கமே பாதி பவர் கரைகிறது. கூரையில் இருக்கிற கனெக்டரை முதலில் கழற்றிப் பாருங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து ஊரே இருட்டாகக் கிடந்தபோது 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற சாதாரண ரிக்தான் உதவும் நிலை. ஆம்பின் 50 வோல்ட் சப்ளைக்குக் கரண்டுக்கு எங்கே போவது?

லாஸ்பேட்டை20:
கனெக்டரை இந்த ஞாயிறு பார்த்துவிடுகிறேன் அண்ணே. ஐயா, எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறை) ஓட்டினால் இதே பேட் தாங்குமா? ஆம்பை 600 வாட் என்று சொல்லி விற்றார்கள், அதையும் சொல்லுங்கள்.

பழைய டவுன் ஓஎம், கடலூர்:
எஸ்எஸ்பியில் பேச்சுக்கு நடுவே இடைவெளி உண்டு, ரெசிஸ்டர் ஆறிக்கொள்ளும். எஃப்டி8-இல் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 13 விநாடி நிற்காமல் முழு பவர். நான் சொன்ன 50 வாட் சூடு முழுசாக இறங்கும். அதனால் முதல் ரெசிஸ்டர் குறைந்தது 100 வாட் ரேட்டிங், ஹீட்சிங்குக்கு ஒரு ஃபேன். எஃப்டி8-க்கு ரிக்கை 40 வாட்டில் வைத்தாலே ஆம்ப் 200 கொடுக்கும், அது தாராளம்.

600 வாட்டை மறந்துவிடுங்கள். ஜெனரல் கிரேடுக்கு உச்சவரம்பு 400. அந்த மிச்சம் வீணில்லை. ஆம்பை அதன் எல்லை வரை ஓட்டினால் அலையின் உச்சி நசுங்கி, பக்கத்து அலைவரிசைக்காரர் காதில் கரகரவென்று விழும். 400-இல் நிறுத்தினால் சிக்னல் சுத்தமாக இருக்கும். முதல் தடவை டம்மி லோடில், ரிக்கை 20 வாட்டில் வைத்துத் தொடங்கி, டிரெயின் கரண்டை (டிரான்சிஸ்டர்கள் சப்ளையிலிருந்து இழுப்பதை) பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். 400 வாட்டுக்கு 50 வோல்ட்டில் 13 ஆம்பியர் சுமார் வரும். அதைவிட ரொம்ப ஏறினால் கையை எடுத்துவிட்டு இங்கே எழுதுங்கள். 73 (வாழ்த்துகள்).