மறு: ரிச், லீன் மிக்ஸ்சர் – செறிகலவை, மெலிகலவைன்னு வச்சுக்கலாமா?

> ரிச்சுக்கு 'வளமான கலவை', லீனுக்கு 'நீர்த்த கலவை'ன்னு எழுதினா என்ன?

வணக்கம் ஐயா. மூணாறுல இருந்து எழுதுறேன். இன்ஜினுக்குப் போற காத்து-பெட்ரோல் கலவையில பெட்ரோல் பங்கு கூடினா ரிச், குறைஞ்சா லீன். உங்க வண்டிச் சொல் பட்டியலுக்கு நீங்க கேட்ட இந்த ரெண்டு சொல்லுமே பட்டறையில நிக்காதுன்னுதான் எனக்குப் படுது.

பழைய வண்டியில காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்பரேட்டர கழட்டினா, அதுல பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் கப்புக்கு அடியில நிஜமாவே தண்ணி கிடக்கும், எங்க ஊரு மழைக்கு இது சாதாரணம், போதாததுக்கு இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரத்த இழுத்துக்குது. 'நீர்த்துப் போச்சு'ன்னு சொன்னா மெக்கானிக் தண்ணிய வடிக்கிற ட்ரெயின் ஸ்க்ரூவத்தான் தொறப்பாரு. வேதியியல் பாடத்துல அது நல்ல சொல்லு, இங்க வேண்டாம். வளமானன்னா ஏதோ நல்லதுன்னு ஆயிரும், ஆனா ரிச்சா ஓடுற வண்டியோட ஸ்பார்க் பிளக்க கழட்டிப் பாருங்க, முனை பூரா கரி அப்பியிருக்கும், விரல்ல தொட்டா மை மாதிரி ஒட்டும்.

பெட்ரோல் கூடுதல், பெட்ரோல் குறைவுன்னே வச்சுக்கலாமேன்னு இன்னொரு அண்ணன் கேட்டிருந்தாங்க. இங்க தமிழாளும் மலையாளியும் ஒரே பட்டறையில நிக்கிறதால பேச்சும் அப்படித்தான், கூடுதல்னா ரெண்டு பேருக்கும் புரியும். ஆனா மலையடிவாரத்துப் போடியில டியூன் பண்ணின ஆர்எக்ஸ் 100 பைக்கு போடிமெட்டு ஏறி மூணாறு வந்தா திணறும், ஆயிரம் மீட்டருக்கு மேல ஏத்தம், 1000 மீட்டர் ஏறினா காத்தோட அடர்த்தி 10 சதவீதம் கிட்ட குறையும், பெட்ரோல் வர்ற மெயின் ஜெட்டு அதே ஓட்டைதான், பெட்ரோல் ஒண்ணும் கூடல, காத்துதான் குறைஞ்சிருச்சு, அப்பவும் வண்டி ரிச்சுதான். எடைக் கணக்குல 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல்ங்கற விகிதம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு சொல்லுற சொல்லுதான் நமக்கு வேணும். அடர்கலவைன்னு போட்டா காத்து அடர்த்தியோட குழம்பும், அதுவும் சரிவராது.

அதனால செறிகலவை, மெலிகலவை. வினையாவும் வாயில வருது (பெட்ரோல் வர்ற ஓட்டையில நிக்கிற ஊசிதான் நீடில், அதுல இருக்கற காடிங்கற வெட்டுலதான் கிளிப்பு மாட்டும்): 'கலவை செறிஞ்சிருக்கு, நீடில் கிளிப்ப ஒரு காடி மேல போடு', 'மெலிஞ்சிருக்கு, ஒரு காடி கீழ போடு'. கிளிப்ப கீழ போட்டா நீடில் மேல ஏறும், பெட்ரோல் கூட வரும், இது புதுசா கத்துக்கிற பசங்க எல்லாருக்கும் குழப்புற இடம், சொல்லாவது தெளிவா இருக்கட்டும். மெலிகலவைல ஓட்டுனா இன்ஜின் சூடேறி 2 ஸ்ட்ரோக் வண்டியில பிஸ்டனே பிடிச்சுக்கும், அதனால இந்தச் சொல்ல ஏனோதானோன்னு விடக்கூடாதுங்க.

இன்னொண்ணு. கார்பரேட்டர்ல கலவைய சரிபண்ற மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு 'கலவைத் திருகு'ன்னு ஒரே பேரு போட்டிருக்கீங்க, அத ரெண்டாப் பிரிக்கணும். ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கறது காத்த அளக்குது, அத வெளிய திருகினா கலவை மெலியும். இன்ஜின் பக்கம் இருக்கறது பெட்ரோல அளக்குது, அத வெளிய திருகினா செறியும். ஒரே கைவேலை, விளைவு நேர் எதிர். முதலாவது காற்றுத் திருகு, ரெண்டாவது எரிபொருள் திருகுன்னு பட்டியல்ல மாத்திடலாமா ஐயா?