காசநோயும் மரபணு வேறுபாடும்: 'நோய்வாகு' என்ற சொல் சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு நோய்க்கு ஆட்படக்கூடிய இயல்பைக் குறிக்கும் 'susceptibility' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக, நம் உரையாடலில் 'நோய் ஏற்புத்திறன்', 'நோய்வயப்பாடு', 'எளிதில் பாதிக்கப்படும் தன்மை' என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், காசநோய் விஷயத்தில் இந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

காசநோயில் கிருமி உள்ளே போவது ஒரு கட்டம், அது நோயாகக் கிளம்புவது இன்னொரு கட்டம். உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இந்தக் கிருமியின் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வருகிறது. மற்றவர்கள் இருமல்கூட இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஜெர்மனியின் லூபெக் நகரில் 1929-30-ல் நடந்த கொடுமை நினைவிருக்கலாம். வாய்வழியே கொடுத்த பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. சுமார் 250 பச்சிளங்குழந்தைகள் அதை உட்கொண்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், அவர்களில் பலர் நோய் கண்டு தேறியவர்கள். குழந்தைக்குக் குழந்தை கிருமியின் அளவு மாறியது ஒரு காரணம். உடம்புக்கு உடம்பு தாங்கும் சக்தி வேறுபட்டதையும் ஒதுக்கிவிட முடியாது. 1943-ல் நியூயார்க்கில் இரட்டையரை வைத்து நடந்த ஆய்வும் அந்தப் பக்கமே கைகாட்டியது: உருவொத்த இரட்டையரில் ஒருவருக்குக் காசம் என்றால் மற்றவருக்கும் இருப்பது, உருவொவ்வா இரட்டையரைவிட மிக அதிகம்.

அந்த வேறுபாடு மரபணுவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடியவர்களுக்கு முதலில் வழிகாட்டியது எலி. மான்ட்ரியலில் ஃபிலிப் குரோ குழுவினர் 1993-ல் 'என்ரேம்ப்-1' என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். கிருமியை விழுங்கும் வெள்ளணு அதை ஒரு பைக்குள் போட்டு அடைத்துவைக்கிறது. அந்தப் பையிலிருந்து இரும்பு, மாங்கனீசு போன்ற உலோக அயனிகளை வெளியே இறைத்துக் கிருமியைப் பட்டினி போடுகிற புரதத்துக்கு உரிய மரபணு இது. அந்தப் புரதத்தின் 169-ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தால் எலியால் தடுப்பு மருந்தில் உள்ள வலுவிழந்த பி.சி.ஜி. கிருமியைக்கூட அடக்க முடிவதில்லை. ஐந்து ஆண்டு கழித்து, மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தபோது, இதே மரபணுவின் சில வடிவங்கள் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் நோய் எதிர்ப்பில் பங்குள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களில் டிஆர்2 என்ற வகைக்கும் நுரையீரல் காசத்துக்கும் உள்ள தொடர்பை 1990-களில் எழுதியது. இவையெல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிற வேறுபாடுகள். ஒன்றை வைத்து யாருக்கும் ஜாதகம் கணிக்க முடியாது.

டி.ஒய்.கே.2 மரபணுவின் கதை வேறு மாதிரி. அதன் புரதத்தில் 1104-ஆம் இடத்தில் புரோலின் இருக்கவேண்டிய இடத்தில் அலனின் இருந்து, அந்த வடிவம் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால், கிருமியை அடக்க வெள்ளணுவைத் தூண்டிவிடும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்க வேண்டிய ஒரு வழி அடைபட்டுப்போகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 600 பேரில் ஒருவருக்கு இப்படி. பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர்கள், கடந்த 2000 ஆண்டுகளில் ஐரோப்பாவில் இந்த வடிவம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று 2021-ல் காட்டினார்கள். வைத்திருந்தவர்களைக் காசநோய் கொண்டுபோயிருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

'ஏற்புத்திறன்' பள்ளி இயற்பியலில் காந்தத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. அது இரும்புக்குப் பொருந்தும். நோயாளியைப் பார்த்து 'உங்களுக்கு நோய் ஏற்கும் திறன் உண்டு' என்று எப்படிச் சொல்வது? திறன் என்பது ஒருவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயம்.

'நோய்வயப்பாடு' இலக்கணப்படி மிக அழகாக அமைந்திருக்கிறது. உடன்படு, உடன்பாடு, வேறுபடு, வேறுபாடு, வயப்படு, வயப்பாடு. முன்வைத்த நண்பரின் காது நல்ல காது. ஆனால் வயப்பட்டவர் என்றால் ஏற்கெனவே நோய் பிடித்தவர் என்றே படிப்பவருக்குத் தோன்றும். நமக்கு வேண்டியது நோய் வருவதற்கு முந்தைய நிலை, வராமலே போகக்கூடிய நிலை. அந்த இடைவெளியை இந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

'எளிதில் பாதிக்கப்படும் தன்மை' சொல் அல்ல, விளக்கம். ஓர் ஆய்வின் ஒப்புதல் படிவத்தை நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். 'மரபணு ரீதியாக எளிதில் பாதிக்கப்படும் தன்மை' என்ற வரி வந்ததும், கேட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ இது பரம்பரை வியாதியா சார்? எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். விளக்கிச் சொன்ன பிறகும் அவர் முகம் தெளியவில்லை, கையெழுத்தும் போடவில்லை. காசநோய் வந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்கும் ஊரில், மரபணு என்ற சொல்லோடு 'பாதிப்பு' என்ற சொல்லைச் சேர்த்து வைப்பது சின்ன விஷயம் இல்லை.

என் முன்மொழிவு: நோய்வாகு.

'அவன் உடல்வாகு அப்படி' என்று தினமும் சொல்கிறோம். எவ்வளவு தின்றாலும் சதை பிடிக்காதவனைப் பற்றியும் சொல்கிறோம், பனி பட்டாலே சளி பிடிப்பவரைப் பற்றியும் சொல்கிறோம். பிறவியிலேயே அமைந்தது, ஆனால் விதி அல்ல, குற்றமும் அல்ல என்ற மூன்று பொருளும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. 'வாகாக அமைந்தது' என்றால் தோதாக அமைந்தது. கிருமிக்குத் தோதாக அமைந்த உடல், நோய்வாகுள்ள உடல். சேர்த்து எழுதவும் பிரித்து எழுதவும் வசதி: மரபணுசார் நோய்வாகு, நோய்வாகு வேறுபாடு, காசநோய்வாகு மிகுந்தவர். வீரவாகு தேவரின் 'வாகு' தோளைக் குறிக்கும் வேறு சொல், அதனால் குழப்பம் வராது. பேச்சுவழக்குச் சொல் என்று சிலர் ஒதுக்கலாம். பேச்சில் உயிரோடு இருப்பதுதான் இதன் பலம் என்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இதே சொல்லைத்தான் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று பார்க்கும் சோதனைக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டுரையில் மனிதன் கிருமிக்கும், கிருமி மருந்துக்கும் ஒரே சொல்லில் ஆட்படும். நாம் அந்தச் சிக்கலை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம் ஊரில் 'மருந்து கேட்கிறது', 'மருந்துக்குக் கேட்கவில்லை' என்பார்கள். கிருமிக்கு 'மருந்து கேட்கும் தன்மை' போதும், நோய்வாகு மனிதருக்கு இருக்கட்டும்.

மரபணு 'குறைபாடு' என்ற சொல்லையும் தாராளமாகப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1996-ல் மால்டா தீவுக் குழந்தைகளிடம் காமா இன்டர்ஃபெரானை அணுவில் வாங்கிக்கொள்ளும் ஏற்பியே வேலை செய்யாததைக் கண்டார்கள். பொதுவாகத் தீங்கு செய்யாத கிருமிகள்கூட அவர்களைக் கொன்றன. அது குறைபாடு. காம்பியாவில் கண்டது வேறுபாடு, அவ்வளவுதான். இலங்கையில் மரபணு மாற்றத்துக்கு 'விகாரம்' என்று பாடநூலில் இருக்கிறது. உயிரியலில் அது பழகிய சொல்தான். ஆனால் நோயாளி கையில் கொடுக்கும் தாளில் அதை எழுத எனக்கு மனம் வராது.

நோய்வாகு என்று சொல்லும்போது மரபணு மட்டும் என்று சுருக்கிவிடவும் கூடாது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்குச் சத்துணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது. சர்க்கரை நோய், புகை, எச்.ஐ.வி. எல்லாமே வாகை மாற்றும். அதனால்தான் 'மரபணுசார்' என்ற அடையை எங்கே தேவையோ அங்கே மட்டும் சேர்க்கச் சொல்கிறேன்.

எனக்கே தீராத ஒன்று இருக்கிறது. முதலில் சொன்ன இரண்டு கட்டங்களுக்கும் இரண்டு சொல் வேண்டும். நோயாகக் கிளம்பும் கட்டத்துக்கு 'நோய்வாகு' என்றால், கிருமி தங்குவதற்கு 'தொற்றுவாகு' என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருமும் நோயாளியோடு ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தும், தோல் சோதனையில் ஊசி போட்ட இடம் தடிக்காமலே, அதாவது தொற்றின் அடையாளமே காட்டாமல், இருப்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்கக் குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில் இதற்கும் மரபணுத் தொடர்பு தெரிந்தது. இவர்களை 'தொற்றுவாகு இல்லாதவர்' என்று எதிர்மறையில் சொல்வதா, 'தொற்று தாங்கிகள்' என்பதா? 'தாங்கி' என்றால் கிருமியைச் சுமப்பவர் என்று பொருள் திரும்பிவிடுகிறது. 'தொற்றாவாகினர்' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. மருத்துவமனைகளில் வேலை செய்கிற நண்பர்கள், குறிப்பாகச் செவிலியர்கள், இப்படிப்பட்டவர்களை நோயாளிகளின் வீட்டார் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.