கொண்டோ வீட்டில் நடனக் கம்பம்: சீலிங் தாங்குமா, இன்வர்ட் தனியாகப் பழகலாமா?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடு மாடி ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். ஓராண்டுக்கும் மேலாக ஒரு பயிற்சிக்கூடத்தில் போல் டான்ஸ் கற்று வருகிறேன். கம்பத்தைப் பிடித்துச் சுழலும் ஃபயர்மேன் ஸ்பின், சேர் ஸ்பின், கம்பத்தில் ஏறுவது, தொடைகளால் இறுக்கிக்கொண்டு கையை விட்டு உட்காரும் போல் சிட் ஆகியவை இப்போது தடுமாற்றமின்றி வருகின்றன. உடலைத் தலைகீழாகத் திருப்பும் இன்வர்ட் மட்டும், ஆசிரியர் இடுப்பைத் தாங்கிக்கொண்டால்தான் முடிகிறது. வாரம் ஒரு வகுப்பு போதவில்லை என்பதால் வீட்டிலேயே ஒரு கம்பம் நிறுத்திப் பழகலாம் என்று நினைக்கிறேன்.

வரவேற்பறையில் பிளாஸ்டர் சீலிங் அடித்து டவுன்லைட்டுகள் பொருத்தியிருக்கிறார்கள். நடுவில் சீலிங் ஃபேன் இருக்கிறது. தரை முழுவதும் டைல்ஸ். எங்கும் துளையிடக் கூடாது என்று வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். துளை போடாமல், திருகி இறுக்கினால் தரைக்கும் கூரைக்கும் இடையே நிற்கும் கம்பங்கள் இணையக் கடைகளில் சில நூறு ரிங்கிட்டுக்கே கிடைக்கின்றன. பெயர் பெற்ற நிறுவனங்களின் கம்பங்களோ அதைவிடப் பல மடங்கு விலை. இவ்வளவு வேறுபாட்டுக்கு உண்மையில் காரணம் உண்டா? 45 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா, குரோமா பித்தளையா என்பதிலும் குழப்பம் இருக்கிறது. எனக்கு உள்ளங்கை சீக்கிரம் வியர்த்துவிடும். உடனிருக்கும் மாமியாருக்கு நான் ஆடுவதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ‘வீட்டில் தலைகீழாக மட்டும் தொங்காதே’ என்பதுதான் அவர் போட்டிருக்கும் ஒரே நிபந்தனை. அது நியாயமானதுதானா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

பூச்சோங் தளக்காரன்:

சகோதரிக்கு வணக்கம். கட்டுமானத் தள மேற்பார்வை என் தொழில் என்பதால் கூரையையும் தரையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல இங்கே தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் குறிப்பிடும் பிளாஸ்டர் சீலிங்கைக் கூரை என்றே எண்ண வேண்டாம். மேல் மாடியின் கான்கிரீட் தளத்திலிருந்து கம்பியாலோ மெல்லிய இரும்புச் சட்டத்தாலோ தொங்கவிடப்பட்ட பலகை அது. தடிமன் பெரும்பாலும் 9 அல்லது 12 மில்லிமீட்டர்தான். தன் எடையையும் விளக்குகளின் எடையையும் தாங்கத்தான் அதை அமைக்கிறார்கள்; கீழிருந்து மேல்நோக்கி அழுத்தினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. இறுக்கி நிறுத்தும் கம்பம் நிற்பதோ அந்த அழுத்தத்தால் மட்டுமே. அடியிலுள்ள திருகைச் சுழற்றும்போது கம்பம் நீண்டு, மேலே உள்ள வட்டத் தட்டைக் கூரையோடு அழுத்துகிறது. அதனால் பிறக்கும் உராய்வுதான், நீங்கள் சுழலும்போது கம்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசைக்கு எதிராக நிற்கிறது. கூரை சில மில்லிமீட்டர் நெகிழ்ந்தாலே பிடி தளர்ந்து தட்டு நழுவத் தொடங்கும். பலகையோ நெகிழ்வதோடு நில்லாமல் உடைந்தும் போகும். அப்போது கம்பமும் உங்களோடு சேர்ந்து சாயும் என்பதால், கீழே எவ்வளவு தடித்த மெத்தை விரித்திருந்தாலும் அது முழுக் காப்பு ஆகாது.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் வெற்றொலி கேட்பது ஓர் அடையாளம். அதைவிட உறுதியான வழி, மின்பெட்டியில் விளக்குச் சுற்றை அணைத்துவிட்டு, ஒரு டவுன்லைட்டை மெல்லக் கீழே இழுப்பதுதான். இரண்டு ஸ்பிரிங் பிடியில்தான் அது நிற்கும். அந்த ஓட்டை வழியே கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால், பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பது தெரிந்துவிடும். இங்குள்ள கொண்டோக்களில் வரவேற்பறை, சமையலறை, குளியலறை ஆகியவற்றில் பிளாஸ்டர் சீலிங் போட்டுவிட்டு, படுக்கையறையில் கான்கிரீட்டின் அடிப்பரப்பையே பூசி வண்ணம் அடித்து விட்டுவிடுவது பரவலான வழக்கம். உங்கள் வீடும் அப்படியென்றால் கம்பத்துக்கு உரிய இடம் படுக்கையறைதான். வீட்டுத் தளம் சாதாரணமாக 125 முதல் 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக்கம்பி கான்கிரீட். இந்தக் கம்பத்தின் அழுத்தம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நடு மாடியில் இருப்பது உங்களுக்குச் சாதகம். கடைசி மாடியிலோ, தாமான் தெரஸ் வீட்டின் மேல்மாடியிலோ இருப்பவர்களுக்கு மேலே கூரைச் சட்டமும் பலகையும் மட்டுமே இருக்கக்கூடும். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் மரத் தளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உத்தரம் எங்கே ஓடுகிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறியாளர் பார்க்காமல் அங்கே எதையும் அழுத்தக் கூடாது.

துளை வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னது ஒருவகையில் நல்லதே. விளக்குக்குச் செல்லும் மின்குழாய்கள் தளத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். சில புதிய கட்டடங்களில் இழுவிசை ஏற்றிய எஃகு வடங்களும் உள்ளே ஓடுகின்றன, அவற்றில் துரப்பணம் பட்டால் விளைவு பெரிது. மேலும், 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, இத்தகைய சீரமைப்பு வேலைக்கு நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

தரையில் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். அடியில் சிமெண்ட் பிடிக்காமல் வெற்றொலி தரும் டைலின் மேல் அடித்தட்டை வைத்தால் அது விரிசல் விடும். நல்ல டைலின் நடுவில் வையுங்கள், இணைப்புக் கோட்டின் மேல் வேண்டாம்.

பாயான்பாரு ஆசிரியை:

வணக்கம் தோழி. சீலிங் விஷயத்தில் மேலே எழுதியவர் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. பினாங்கில் தொடக்கநிலை வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் மற்றவற்றை எழுதுகிறேன்.

விலை வேறுபாடு வெறும் பெயருக்கான விலை அல்ல. மலிவுக் கம்பங்களில் பெரும்பாலும் குழாயின் தகடு மெல்லியதாகவும், துண்டுகள் சேரும் மூட்டு ஆட்டங்காண்பதாகவும், மேல்தட்டு சிறியதாகவும் இருக்கும். எவ்வளவு எடை தாங்கும், எந்த உயரம் வரை நீட்டலாம் என்ற விவரம் தெளிவாக இல்லாத கம்பத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எக்ஸ்-போல் நிறுவனத்தின் வழக்கமான வீட்டுக் கம்பம் ஏறத்தாழ 2.24 மீட்டர் முதல் 2.74 மீட்டர் வரையிலான உயரத்துக்குப் பொருந்தும். அதற்கு மேல் தனியாக நீட்டிப்புக் குழாய் வாங்க வேண்டும். ஆகவே கம்பம் நிற்கப்போகும் அதே புள்ளியில் தரையிலிருந்து கான்கிரீட் வரை அளந்த பிறகே பணம் கட்டுங்கள். உயரம் போதாமல் திருகை அதன் எல்லையைத் தாண்டி நீட்டுவது, அடித்தட்டுக்குக் கீழே கட்டையை வைத்து முட்டுக்கொடுப்பது ஆகிய இரண்டும் கூடவே கூடாது. நிறுத்தியபின் ரசமட்டத்தால் இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, தரையில் நின்றபடியே பலமாக இழுத்தும் தள்ளியும் சோதித்த பிறகு ஏறுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், ஏனெனில் சுழலச் சுழல இறுக்கம் சிறிது சிறிதாகத் தளரும்.

அளவைப் பொறுத்தவரை, கூடத்தில் எதில் பழகுகிறீர்களோ அதையே வீட்டிலும் வையுங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையே கை மாறிக்கொண்டிருந்தால் பிடியின் கணக்கு தவறும். இரண்டுமே உண்டு என்றால் 45 மில்லிமீட்டர் என்பது என் தேர்வு. பன்னாட்டுப் போல் விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் அதுதான் அளவு. சிறிய கைகளுக்கும் அதுவே அடக்கமாக இருக்கும். வியர்க்கும் கைக்குக் குரோமைவிடப் பித்தளை நன்றாகப் பிடிகொடுக்கும், ஆனால் அதைப் பராமரிக்கும் வேலை அதிகம். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் என்றால் உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம்; குரோம் பூச்சுக்கு அடியில் நிக்கல் பூசுவது வழக்கம் என்பதால் அப்போது பவுடர் கோட்டிங் செய்த கம்பத்தைப் பாருங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வையைவிட அதிகம் ஏமாற்றுவது ஏர்கான்தான். அறை குளிர்ந்திருக்கும்போது சன்னலைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். கம்பம் காய்ந்திருக்கிறது என்று நம்பிப் பிடிப்பவரின் கை வழுக்கிக்கொண்டு இறங்கும். எதிர்ப்புறமாக, அறை மிகவும் குளிர்ந்திருந்தால் தோல் இறுகிப் பிடியே கிடைக்காது. மிதமான குளிரில், சன்னலை மூடிவைத்து, உடலை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு பழகுங்கள். கைக்கு லிக்விட் சாக் (வியர்வையை உலர்த்தக் கையில் தடவும் திரவம்) போதும். கம்பத்தை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைக்கலாம். அது எளிதில் தீப்பற்றும் என்பதால், சாமி விளக்கு எரியும் அறையில் தெளிக்க வேண்டாம், துணியில் நனைத்துத் துடையுங்கள். பழகும் நாளில் உடலுக்கு லோஷனும் தலைக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். விழுப்புரம் பக்கத்து மல்லர் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுகிறார்களே என்று சில மாணவிகள் கேட்பதுண்டு; அது தடித்த மரம், உராய்வு தோலைக் கிழிக்காமல் இருக்க எண்ணெய் வேண்டும். இது வழவழப்பான உலோகம், இங்கே தோலின் உராய்வுதான் உங்களைத் தாங்குகிறது. அதே காரணத்தால்தான் குட்டைக் காற்சட்டையும் தேவைப்படுகிறது. மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள், அது கழுத்தில் மாட்டி இழுக்காதபடி உள்ளே அடக்கி ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொள்ளட்டும்.

இனி இன்வர்ட். உங்கள் மாமியாரின் நிபந்தனை இன்றைய நிலையில் முற்றிலும் நியாயமானது. இன்வர்ட்டில் விபத்து நேர்வது பெரும்பாலும் தரையிலிருந்து காலை உதைத்துத் துள்ளிப் போவதால்தான். துள்ளல் இடுப்பை மேலே எறிந்துவிடும். கையும் வயிறும் அதை அங்கே நிறுத்த முடியாதபோது கழுத்துதான் முதலில் தரையைச் சந்திக்கும். கம்பத்தை மார்பருகே பிடித்து, பக்கவாட்டில் அணைத்து, தோள்களைக் காதிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு, முழங்கால்களை மார்புக்கு மெதுவாக மடக்கித் தூக்க முடிய வேண்டும். அந்த மடக்கிய நிலையிலேயே சில நொடிகள் நிற்க வேண்டும். அதைவிட முக்கியமாக, போன வழியே மெதுவாகத் திரும்பி இறங்கத் தெரிய வேண்டும். இவை அனைத்தையும் வகுப்பில், யாரும் தாங்காமல், இரண்டு பக்கமும் செய்து காட்டிய பிறகு வீட்டில் செய்யலாம். அப்போதும் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள, கம்பத்தைச் சுற்றி இடைவெளியின்றி மூடும் மெத்தை வேண்டும், வீட்டில் இன்னொருவரும் இருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பிசியோ:

ஆசிரியையின் வரிசையோடு உடன்படுகிறேன். மெத்தையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மெத்தை, விழும் வேகத்தைக் குறைக்குமே தவிர, கழுத்து மடங்குவதைத் தடுக்காது. மெத்தை இருக்கிறது என்ற தைரியத்தில் புதிய அசைவை முயல்பவர்களைப் பார்க்கும்போது, அது இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வீட்டில் கம்பம் வந்தபின் நான் அதிகம் காணும் தொல்லை விழுவது அல்ல, ஓயாமல் பழகுவது. கூடத்தில் மற்றவர்கள் ஆடும்போது உங்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. வீட்டில் அந்த ஓய்வு இல்லை. முழங்கையின் உட்புறத்தில் தொடங்கும் வலியை இறுகப் பிடித்ததால் வந்த களைப்பு என்று ஒதுக்கிவிட்டால், சில வாரங்களில் தண்ணீர்க் குவளையைத் தூக்கவே வலிக்கும். தொடையிலும் கணுக்காலிலும் வரும் கன்றல் இயல்பானது. மூட்டுக்குள் குத்தும் வலி இயல்பானது அல்ல. வலதுகைப் பக்கம் மட்டும் பழகாதீர்கள். ஒரு கையை உட்புறமாகத் திருகிப் பிடிக்கும் டுவிஸ்டட் கிரிப்பை வீட்டில் தொடவே வேண்டாம். தோள் முழுவதும் உட்புறமாகத் திரும்பிய நிலையில் உடல் எடையை ஏற்றுவது அது.

செந்தூல்வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. டவுன்லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். பலகைக்கு மேலே முழங்கை ஆழத்துக்கு வெற்றிடம்தான். படுக்கையறைச் சீலிங் பூச்சுடன் கூடிய கான்கிரீட் என்பதைக் கட்டட நிர்வாக அலுவலகத்திலும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆனால் அறையின் நடுவில் ஃபேன் இருக்கிறது. கட்டிலை வெளியேற்ற முடியாது. அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே கம்பத்தைச் சுற்றி ஒரு பக்கம் ஒன்றரை மீட்டரும், மறுபக்கம் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலாகவும் கிடைக்கும். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்குமா என்றும் யோசிக்கிறேன்.

பாயான்பாரு ஆசிரியை:

ஒரு மீட்டர் போதாது. கையால் கம்பத்தைப் பிடித்து, உடலை முழுவதும் வெளியே சாய்த்துக் காலை நீட்டிச் சுற்றி வந்து பாருங்கள். எது இடிக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. எல்லாத் திசையிலும் குறைந்தது ஒன்றரை மீட்டர் வேண்டும். கட்டிலைச் சுவரோரம் தள்ளி அந்த இடம் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ஸ்பின் எதுவும் இல்லாமல், ஏறுவதையும் மடக்கிய நிலையில் நிற்பதையும் மட்டும் அங்கே பழகலாம். இன்வர்ட்டுக்கு உங்களுக்கு இப்போது தேவைப்படும் வலிமையும் அதில்தான் வருகிறது. கம்பமே சுழலும் முறையைப் பூட்டி, அதைச் சுழலாத ஸ்டாட்டிக் நிலையிலேயே வைத்திருங்கள்.

பூச்சோங் தளக்காரன்:

ஃபேனைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் 56 அல்லது 60 அங்குல ஃபேன். அதாவது நடுவிலிருந்து இறக்கையின் நுனி வரை முக்கால் மீட்டர். ஏறியவரின் கையும் அவிழ்ந்த கூந்தலும் அந்த வட்டத்துக்குள் போகவே கூடாது. பழகும் நேரத்தில் ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைத்தால் மட்டும் போதாது, சுவிட்சையே அணைத்துவிடுங்கள். சத்தத்துக்கு, கம்பத்தின் அடித்தட்டுக்குக் கீழே மெத்தென்ற எதையும் வைக்காதீர்கள், இறுக்கம் கெட்டுவிடும். சுற்றிலும் மட்டும் ரப்பர் பாய் விரியுங்கள். உரிமையாளரிடம் சொல்லி, சீலிங்கில் தட்டின் தடம் வட்டமாகப் பதியக்கூடும் என்பதையும் வீடு காலி செய்யும்போது அதை வண்ணம் அடித்துத் தருவதாகவும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.